ஓடாத பைக்குக்கு என்ன பெட்டரி

ஜூலை 4, வெள்ளி

காலையிலிருந்தே கச்சான் காற்று. வீடு முழுக்க மணல். கூட்டியும் பயனில்லை.

மச்சானின் பைக் இன்று ஸ்டார்ட் ஆகவில்லை. அவர் மனைவி, என் ராத்தா, சாவியைத் திருகி செல்ஃப் பட்டனை அமத்தினாள். டிக் டிக் டிக். அவ்வளவுதான். கிக் இல்லாத மாடல். செல்ஃப் வேலை செய்யாவிட்டால் வெறும் இரும்பு.

வெள்ளிதோறும் இதே வேலை அவளுக்கு. குளிப்பு, முக்காடு, பிறகு போர்ட்டிகோ. பைக்கின் மேலுள்ள பெட்ஷீட்டை மடித்து வைத்து ஸ்டார்ட் செய்வாள். ஒரு நிமிடம். இரண்டு தரம் முறுக்குவாள், ஒழுங்கை முழுக்கக் கேட்கும். அணைப்பாள், துடைப்பாள், மூடுவாள். மச்சான் கத்தாருக்குப் போன கிழமை தொடங்கியது. இரண்டு வருடம்.

வீடு ராத்தாவின் சீதனம். மச்சான் இங்கே வந்து குடியிருந்த மாப்பிள்ளை. உம்மாவும் நானும் பின்னறையில். வாப்பா மௌத்தாகி நாலு வருடம்.

மச்சான் கடைசியாகக் கதைத்தது நோன்பில். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வருவதாகச் சொன்னார். பெருநாளும் முடிந்தது. ராத்தா அனுப்பும் வொய்ஸ் மெசேஜில் நீலக் கோடு விழுகிறது, பதில் வருவதில்லை. கேட்கிறார்தானே, அது போதும் என்கிறாள்.

"தம்பி, இத ஒருக்காப் பாரு. நீதானே கரண்டு வேல படிச்ச."

ஜும்ஆவுக்கு நேரமாகிவிட்டது. நாளைக்கு என்றேன்.

பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால்: "என்ன புள்ள, இண்டைக்குச் சத்தத்தக் காணல்ல?"

ஜூலை 5, சனி

மீற்றர் வைத்துப் பார்த்தேன். சும்மா நிற்கும்போது 11.6. செல்ஃப் அமத்தினால் ஏழுக்குக் கீழே. முடிந்தது. உள்ளே தகடு வெள்ளை பிடித்து இறுகியிருக்கும். இனிச் சார்ஜ் ஏறாது.

காரணம் ராத்தாதான். ஒவ்வொரு ஸ்டார்ட்டும் பெட்டரியிலிருந்து ஒரு பிடி எடுக்கிறது. அதைத் திருப்பி ஏற்ற அரை மணித்தியாலமாவது ஓட வேண்டும். நின்ற இடத்தில் ஒரு நிமிடம் உறுமினால் ஒன்றும் திரும்பாது. பெட்டரியைக் காப்பாற்றுகிறேன் என்று கிழமைக்குக் கிழமை பட்டினி போட்டிருக்கிறாள்.

சொன்னேன். "ராத்தா, நீதான் இதக் கொன்ன."

குசினியிலிருந்து உம்மா: "வாயப் பாரு. கொன்ன கின்ன எண்டு."

ராத்தா கையிலிருந்த துணியைப் பிழிந்தபடி நின்றாள். "ஓடாம வெச்சாப் பழுதாப் போகும் எண்டு அவர்தானே செல்லிட்டுப் போன?"

"ஓடாம வெச்சா எண்டுதான் சொன்ன. நீ எங்க ஓடின?"

"அவர்ட பைக்ல ஒத்தரும் ஏறப்படாது."

நான் வேலைக்குக் கம்பனி லொறியின் பின்னால், சோலார் தகடுகளோடு தகடாகப் போகிறேன். பைக் போர்ட்டிகோவில் நிழலில். எங்கள் வீட்டு மூளை இவ்வளவுதான்.

ராத்தா உடுப்புக் காயப் போடப் போனதும் உம்மா கிட்ட வந்தாள். "புதுசு போடாத மகன். அது கிடக்கட்டும். நீ அவளக் கூட்டிட்டுக் காதியார்ட்டப் போ. பஸஹுக்கு எழுதிக் குடு. வாப்பா இல்லாத ஊட்டுல நீதானே ஆம்புள."

பஸஹ் என்றால், விட்டுப்போன புருசனிடமிருந்து விவாகத்தை அறுத்துத் தரக் காதி நீதிபதியிடம் கேட்பது. கேட்க வேண்டியவள் ராத்தா. அந்த பைக் உறுமும்வரை அவள் கேட்க மாட்டாள். உம்மாவுக்கும் அது தெரியும்.

ஜூலை 6, ஞாயிறு

லொறிப் பெட்டரியிலிருந்து வயர் இழுத்து ஸ்டார்ட் செய்தேன். சார்ஜிங் 14.2. ரெகுலேட்டர் நல்லது. லித்தியம் பெட்டரி போட்டாலும் தாங்கும். சத்தம் கேட்டு ராத்தா மாவுக் கையோடு ஓடி வந்தாள். நான்தான் என்று கண்டதும் திரும்பிப் போனாள்.

ஜூலை 7, திங்கள்

கல்முனை, பெட்டரிக் கடை. புழுக்கம். மின்விசிறி இருந்தும் கடைக்காரர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

அசிட்: மலிவு. பாரம். நின்றால் தானாக வடியும், இந்த வெக்கையில் இன்னும் கெதியாக. ஓடினால் மூன்று வருடம். நின்றால், ராத்தாவின் கைப்பக்குவத்தில், ஆறு மாதம். பழையது பைக்கோடு வந்த ஒரிஜினல், அதுதான் இரண்டு வருடம் தாங்கியது.

லித்.: விலை மூன்று மடங்கு. தூக்கினால் வெறும் பெட்டி போல. வருடம் நின்றாலும் பெரிதாக வடியாது. சார்ஜ் 14.6ஐத் தாண்டினால் செத்துவிடும். மச்சானின் பைக்கில் அந்தப் பயம் இல்லை.

"எவ்வளவு தூரம் ஓடுற தம்பி?"

"ஓடுறல்ல."

"ஓடுறல்லயா? மறுகாப் பெட்டரி என்னத்துக்கு, ரேடியோ கேக்கவா?"

"ஸ்டார்ட் பண்ண."

"ஸ்டார்ட் பண்ணி?"

"ஓஃப் பண்ண."

அட்டையைக் கீழே வைத்தார். "இஞ்ச பாரு வாப்பா, ஓடுற பைக்குக்கு அசிட். நிக்கிற பைக்குக்கு லித்தியம். உன்ட பைக் ஓடுறதா நிக்கிறதா எண்டு ஊட்டுலயே கேட்டுட்டு வா. கேக்க ஏலாட்டி வித்துப்போடு."

சரியான பேச்சு. வீட்டில் சொல்லவில்லை. ஒன்றும் வாங்காமல் வந்தேன். பாண், சம்பா, உம்மாவின் பிரஷர் குளிசை மட்டும்.

ஜூலை 9, புதன்

சொறிக்கல்முனையில் கூரை வேலை. ஓடு கொதிக்கிறது, முழங்கால் வெந்துவிட்டது. கூட டேவிட். கல்முனைக்காரன், மெதடிஸ்த கோயிலில் கிட்டார் அடிப்பவன், வேலையில் என் சோடி. கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"டேய் ஜெஸீம், பைக்குக்குச் சொந்தக்காரனையே கேளன்."

"என்ட கோலை எடுக்கிறாரில்ல."

"உன்ட நம்பர எடுக்க மாட்டார். இந்தா, என்ட."

இரண்டாவது ரிங்கில் எடுத்தார்.

"ஹலோ, ஆரு?"

"மச்சான், நான் ஜெஸீம்."

பின்னால் யாரோ சிரிக்கிறார்கள். பீங்கான் சத்தம். பகல் சாப்பாட்டு நேரம் போல.

"சொல்லு."

எத்தனையோ கேட்க வைத்திருந்தேன். வாயில் வந்தது: "பைக் பெட்டரி செத்துட்டு. அசிட் போடவா, லித்தியம் போடவா?"

"எந்த பைக்?"

"உங்கட பைக், மச்சான்."

"ஆ, அதா. நீயே வெச்சிக்க. பதிவுப் புத்தகமும் அங்கதான் கிடக்கு. ஓடு, இல்லாட்டி வித்துடு."

"நீங்க வரக்குள்ள..."

"வேல இரிக்கி. வெக்கிறன்."

"என்னவாம்?" டேவிட்.

"அசிட்டும் வேணாம், லித்தியமும் வேணாமாம்."

அவன் சிரிக்கவில்லை. ஏற்கெனவே இறுக்கிய திருகாணியையே திரும்ப இறுக்கினான்.

எந்த பைக். இதை ராத்தாவிடம் சொல்ல முடியாது. மற்றதெல்லாம் சொல்லலாம்.

ஜூலை 10, வியாழன்

சொல்லிவிட்டேன். அஸர் தொழுது வந்த கையோடு. வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருக்க எனக்கு வராது. உம்மா முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மச்சானோட கதைச்சன்."

ராத்தாவின் முகத்தை எழுதத் தெரியவில்லை.

"என்ன செல்ற? என்னக் கேட்டாரா? மெலிஞ்சிட்டாரா?"

"ஃபோன்ல எப்புடித் தெரியும். பைக்க என்ன எடுக்கட்டாம். ஓடட்டாம், இல்லாட்டி விக்கட்டாம். ராத்தா, விளங்குதா உனக்கு?"

கொஞ்சம் யோசித்தாள். "பெட்டரி செத்தத சொன்னியா?"

"ஓம்."

"அதான். பைக் பழுதாப் போகும் எண்ட கவல. அவருக்கு அந்த பைக் எண்டா உசிரு."

உம்மா மீனைச் சட்டியோடு விட்டுவிட்டு எழும்பிப் போனாள். பூனை வந்தது.

"விக்கட்டாம் எண்டன், ராத்தா."

"நீ கோவமாக் கேட்டிருப்ப. உன்ட வாய எனக்குத் தெரியாதா?"

இனிப் பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. வேலையையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று நினைத்தேன். "சரி, லித்தியம் போடுறன். வருசம் நிண்டாலும் ஒண்டும் ஆகா. வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம நீ ஸ்டார்ட் பண்ணத் தேவல்ல."

"தேவல்லயா?"

"தொடவே தேவல்ல."

பெட்ஷீட்டின் ஒரு மூலை காற்றில் எழும்பியிருந்தது. இழுத்துச் செருகினாள். "அப்ப நான் என்னத்தச் செய்யிற?"

மற்ற மூலையை நான் செருகினேன்.

"அசிட்டே போடு தம்பி."

ஜூலை 12, சனி

அசிட். நானே பூட்டினேன். முனைகளுக்குக் கிரீஸ் பூசினேன், உப்புக் காற்று. 12.8. ஒரு குறையும் இல்லாத புதுப் பெட்டரி.

கடைக்காரர்: "அப்ப ஓடுற பைக்தான் போல?" ஓம் என்றேன். அந்த ஆளோடு கதை வளர்க்க விருப்பமில்லை.

கம்பனிச் சார்ஜரைக் கேட்டு எடுத்து வந்திருக்கிறேன். மாதம் ஒரு தரம் மாட்டினால் போதும், நின்றபடியே மூன்று வருடம் கிடக்கும். ராத்தாவிடமும் சொன்னேன், ஸ்டார்ட் பண்ணினால் அரை மணித்தியாலம் விடு என்று. "அவ்வளவு பெற்றோலயா? மனிசன் வாற நேரம் டேங்க் காலியாக் கிடக்கும்."

பின்னறையில் உம்மா என் பையைத் திறந்து பார்த்தாள். "இது என்ன சாமான்?"

"பெட்டரிக்குச் சாப்பாடு."

"குடுக்காத."

"உம்மா, புதுப் பெட்டரி."

"அது செத்தாத்தான் இவ எழும்புவா. குடுக்காத மகன்."

நல்ல பெட்டரியைத் தெரிந்துகொண்டே சாகவிடுவது எங்கள் தொழிலில் இல்லை. சார்ஜரை வாங்கிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன்.

ஜூலை 18, வெள்ளி

கச்சான் இன்னும் அடங்கவில்லை. ஒரே அமத்தலில் பிடித்தது. இரண்டு முறுக்கு. மதிலுக்கு மேலால் மாமியின் தலை: "ஆ, வந்துட்டு சத்தம்! மாப்பிள்ள வாறாரா புள்ள?"

"ஓம் மாமி, வாறார்."

ஒரு நிமிடம். அணைத்தாள். மீற்றர்: 12.6.

டேவிட் சண்டே ஸ்கூல் பிள்ளைகளை ஏற்ற பைக் ஒன்று தேடுகிறானாம். விற்கிறீர்களா என்றான். ஏசிவிட்டேன். பாவம்.

ஓகஸ்ட் 15, வெள்ளி

லேசான தூறல், மணல் அடங்கும் அளவுக்குக்கூட இல்லை. வயற்பக்கம் வெட்டு தொடங்கிவிட்டது, ரோடெல்லாம் வைக்கோல்.

வாங்க வேண்டியது: செருப்பு, குளிசை, 10 எம்.எம். நட்டுச் சாவி (டேவிட் துலைத்துவிட்டான்).

சார்ஜரைத் திங்களன்று கம்பனியில் திருப்பிக் கொடுத்தேன். ஒரு தரமும் மாட்டவில்லை.

ராத்தா குளித்து வந்தாள். இன்று செல்ஃப் கொஞ்சம் இழுத்துத்தான் பிடித்தது. அவளுக்கும் கேட்டிருக்கும். அணைத்த பிறகு நான் மீற்றரை வைத்தேன். 12.2. உம்மா கதவடியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராத்தா சீட்டைத் துடைத்தபடி, "நல்லா இரிக்கா தம்பி?" என்றாள்.

"ஓம்," என்றேன். "நல்லா இரிக்கி."