ஹாரன் அடித்தால் கதவைத் திறக்க வேண்டும்

அனுப்புநர்:
எதிர்வீட்டுத் தையல்கடைக்காரி
(ராணுவ ஆம்புலன்ஸ் பிரிவில் ஸ்ட்ரெச்சர் தூக்கியவரின் மகள்)

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
போர் அருங்காட்சியகம்.

பொருள்: காட்சிக்கு வைத்துள்ள ஆம்புலன்ஸின் பின்கதவு வெல்டிங்கை அகற்றக் கோருதல், என் தந்தையை வீட்டில் பூட்டி வைக்கச் சொன்ன நோட்டீஸ் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் நோட்டீஸ் கிடைத்தது. என் தந்தை டிக்கெட் வாங்காமல் உள்ளே ஓடியதும், ஆம்புலன்ஸின் பின்கதவைக் கடப்பாரையால் நெம்பியதும் உண்மை. மறுக்கவில்லை. இன்னொரு முறை வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைப்போம், ஆகவே வீட்டில் பூட்டி வையுங்கள் என்கிறீர்கள். ஏன் ஓடினார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

2. போரின்போது அந்தப் பிரிவின் வண்டிகள் விளக்கை அணைத்துக்கொண்டுதான் வரும். ஆஸ்பத்திரி வாசலில் ஓட்டுநர் நீளமாக ஹாரன் அடித்தால், உள்ளே உயிரோடு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அடிக்காவிட்டால் உயிரோடு யாருமில்லை, அவசரமில்லை. என் தந்தை அந்த ஹாரனுக்கு ஓடியே பழகியவர்.

3. தாங்கள் வண்டிக்கு வண்ணம் பூசி, ஹாரனைப் பழுதுபார்த்து, வருகிறவர்கள் அழுத்திப் பார்க்க ஒரு பொத்தானும் வைத்தீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் உலை வைத்தால் இறக்க நேரமில்லை. ஹாரன் கேட்டதும் அப்பா ஸ்ட்ரெச்சர் என்று நினைத்து மடக்குக் கட்டிலின் ஒரு முனையைத் தூக்கிவிடுவார். மறுமுனை அம்மாவுக்கு. "ஏங்க, கல்யாணமான புதுசுலகூட என்னை இத்தனை தடவை கூப்பிட்டதில்லையே!" என்று அம்மா சிரித்துக்கொண்டே தூக்கினார். இப்போது அவருக்கு முழங்கால் வீங்கிக் கிடக்கிறது, சிரிப்பும் இல்லை.

(இந்த இடத்தில் மறுபடி ஹாரன் அடித்துவிட்டது. பாதியில் எழுந்து ஓடினேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்தருளவும்.)

4. தங்கள் சுவரில் பிரிவின் வரலாறு இருக்கிறது. எத்தனை வண்டிகள், எத்தனை பதக்கங்கள், எல்லாம் இருக்கிறது. இது மட்டும் இல்லை. ஒருமுறை குண்டுச் சில்லு பட்டு ஒரு வண்டியின் பின்கதவு நசுங்கிச் சிக்கிக்கொண்டது. ஓட்டுநர் ஹாரன் அடித்தார். உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள். அப்பா கடப்பாரை தேடி எடுத்துவந்து நெம்புவதற்குள் தட்டும் சத்தம் நின்றுவிட்டது. இதை அவர் அம்மாவிடம் மட்டும், ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறார்; அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். தாங்களோ பாதுகாப்புக்காக என்று அதே மாதிரிக் கதவை வெல்டிங் வைத்து அடைத்துவிட்டு ஹாரனை அடிக்கவிடுகிறீர்கள். அந்த மனிதருக்கு எப்படி இருக்கும், ஐயா?

5. நோட்டீஸ்படி ஒருநாள் பூட்டியும் பார்த்தேன். "உள்ள ஆள் இருக்குடி, தொறடி!" என்று அப்பா கத்தியபடி கதவில் அடித்து அடித்து அவருடைய இரண்டு கையும் வீங்கிவிட்டன. பெற்ற மகள், எனக்குத் தாங்கவில்லை. இனிப் பூட்ட மாட்டேன். என்ன நடவடிக்கை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

6. ஹாரனை நிறுத்திவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று தங்கள் வழிகாட்டி சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். சென்ற வாரம் பேட்டரி தீர்ந்துபோய்ப் பகல் முழுக்க ஹாரன் அடிக்கவில்லை. அப்பாடா என்று மிஷினில் உட்கார்ந்தேன். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கட்டில் விளிம்பில் காத்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. சாயங்காலம், "ஒருத்தர்கூட மிஞ்சல போல" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். ஆகவே ஹாரனை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்.

7. நான் கேட்பது இதுதான். வெல்டிங்கை அறுத்துவிடுங்கள். பார்வையாளர் வராத ஒரு காலையில் ஹாரனை நீளமாக அடியுங்கள். அப்பா கட்டிலோடு வரட்டும். கதவை அவர் கையாலேயே திறக்கட்டும். உள்ளே காலியாக இருந்தால் அவர் மனம் ஆறாது. அதனால் முன்னதாகவே வந்து நான் உள்ளே படுத்துக்கொள்கிறேன். அவர் திறக்கும்வரை தட்டிக்கொண்டே இருப்பேன்.

அம்மாவுக்கு முழங்கால் முடியாது. கட்டிலின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆளை மட்டும் தந்து உதவுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். தாங்களே பிடித்தாலும் மகிழ்ச்சி. எனக்கு எடை அதிகமில்லை.

இடம்: எதிர்வீடு
நாள்: இன்று, மூன்றாவது ஹாரனுக்குப் பிறகு

இப்படிக்கு,
தையல்கடைக்காரி
(கையொப்பம்)