மலை பார்த்த கடை

திருவண்ணாமலை,
தீபம் முடிந்த வாரம்.

தம்பி மணிவேலுக்கு அக்கா தங்கம்மாள் எழுதுவது.

உன் மகள் கவியாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறதாம். டீக்கடை முருகையன் சொல்லித்தான் எனக்கே தெரியும். தாயும் பிள்ளையும் சுகமாக இருக்கட்டும். நீ போனை எடுப்பதில்லை. ஓசூருக்குத் தபால் வரும் அல்லவா, அதனால் எழுதுகிறேன்.

நம் ரத்னா காம்ப்ளெக்ஸ் இப்போது இல்லை. ஐப்பசி மழையிலேயே ஜேசிபியை விட்டு இடித்துவிட்டார்கள். என் தையல் கடையை உடைத்த அன்று எதிர்ப்புறம் நின்று பார்த்தேன். போன பொங்கலுக்கு நான் அடித்த பச்சை பெயிண்ட் கடைசிவரை தெரிந்தது. வெட்டுகிற மேஜையை எடுக்க விடவில்லை, மெஷினை மட்டும் இறக்கிக்கொண்டேன்.

இப்போது வேங்கிக்காலில் என் மகள் மதிவதனி வீட்டு மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து தைக்கிறேன். மருமகன் ஒன்றும் சொல்வதில்லை. மெஷின் சத்தம் கேட்டால் டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறார், அவ்வளவுதான். தேரடி வீதியில் துணி எடுத்த கையோடு மாடியேறி வந்த பெண்கள் பிளவுஸ் தைக்க இவ்வளவு தூரம் வருவார்களா? வரவில்லை.

சங்கத் தலைவர் நீ. எல்லாருக்கும் புதுக் கட்டடத்தில் கடை என்று எழுதிக் கொடுத்தால்தான் காலி செய்வது, யாரும் தனியாகப் போய்க் கையெழுத்துப் போடக் கூடாது என்று மொட்டைமாடியில் கற்பூரம் ஏற்றி, மலையைப் பார்த்துச் சத்தியம் வாங்கியவன் நீ. அப்புறம் ஓனர் மகன் சென்னையிலிருந்து அந்தப் படத்தைக் கொண்டுவந்தான். கட்டடத்துக்குப் பின்னால் மலை இவ்வளவு பெரிதாகத் தெரிகிற படம். மலை பார்த்த கடைகள் கொஞ்சம்தான், முதலில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்குத்தான் என்றான். வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் இதெல்லாம் எழுத்தில் எங்கே என்று கேட்டிருப்பார்கள். நம் ஆட்கள் எனக்கு மேற்குப் பக்கம், உனக்கு மேற்குப் பக்கம் என்று அடித்துக்கொண்டார்கள். மறுநாள் பார்த்தால் முதல் கையெழுத்து உன்னுடையது. தலைவரே போட்டுவிட்டார் என்று மற்றவர்களும் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள். நானும் போட்டேன். உன்னை நம்பினேன்டா.

நீ பாத்திரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டாய். இங்கே இப்போது போர்டு வைத்திருக்கிறார்கள். ஆறு மாடியும் லாட்ஜ். மலை பார்த்த பக்கம் முழுக்க ஏசி ரூம். கடை என்று ஒன்றுகூடக் கிடையாது. உன் பாத்திரக்கடைக்குக் காட்டிய மூலையில் ஜெனரேட்டர் வருகிறதாம், மேஸ்திரி சொன்னார். அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன். கூடப்பிறந்தவள் அப்படிப் படக் கூடாதுதான், பட்டேன்.

தீபத்தன்று எல்லாரும் தகர வேலிக்கு வெளியே ரோட்டில் நின்றோம். கட்டடம் போனதால் மலை நன்றாகவே தெரிந்தது. வருஷா வருஷம் மலையில் தீபம் தெரிந்ததும் மொட்டைமாடியில் நீ முதல் அகலை ஏற்றுவாய், பிறகுதான் கடைக்குக் கடை விளக்கு. படிக்கட்டில் பூ விற்ற பாஞ்சாலையும் வந்திருந்தாள். அவளிடம் யாரும் கையெழுத்துகூடக் கேட்கவில்லை. தலைவரு எங்கேக்கா, அவரு ஏத்தாம நாம எப்படி ஏத்தறதுனு என்னைக் கேட்டாள். கடைசியில் முருகையன்தான் ஏற்றினார்.

வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கிறோம். எல்லாருக்கும் கடை உண்டு என்று ஓனர் மகன் வாய்ச்சொல் கொடுத்தது தலைவரான உன்னிடம் மட்டும்தான். நாங்கள் பேசினால் எங்கள் கையெழுத்தை எடுத்துக் காட்டுவார்கள். நீ வந்து நின்று சொன்னால் கொஞ்சமாவது காது கொடுப்பார்கள். முகத்தை எப்படிக் காட்டுவது என்று ஒளிந்துகொள்ளாதே. திட்டுவார்கள், திட்டட்டும். திட்டிவிட்டு முருகையனே டீ வாங்கிக் கொடுப்பார்.

நீ வராவிட்டாலும் அங்கே உன் பெயரை நான் சொல்லத்தான் போகிறேன். எங்கள் சாட்சி என்று சொல்வதா, எங்களை விற்றவன் என்று சொல்வதா என்பது நீ பஸ் ஏறுவதில் இருக்கிறது. இரண்டாவதை என் வாயால் சொல்ல வைக்காதே.

பேத்திக்குப் பருத்தியில் ஒரு சட்டை தைத்து வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்ப மாட்டேன். நீ வந்து வாங்கிக்கொண்டு போ. அண்ணாமலையார் உங்கள் எல்லாரையும் காப்பாற்றட்டும்.

இன்னமும் உன் அக்கா,
தங்கம்மாள்