இரண்டு விரல் கிளட்ச்

என்னங்க, இரண்டு நாளாக நான் வைக்கிற ரசம்கூட மண்ணெண்ணெய் வாடைதான் அடிக்கிறது. சோப்பு, புளி, சாம்பல் எல்லாம் போட்டுத் தேய்த்தும் கையை விட்டுப் போகவில்லை. நீங்கள் இருந்திருந்தால், "புதுசா என்ன சென்ட்டு போட்டிருக்கே?" என்று மோந்து பார்த்திருப்பீர்கள்.

முந்தாநாள் உங்கள் தம்பி வந்தார். நீங்கள் போனதிலிருந்து பின்சந்தில் சாக்குப் போர்த்தி நிற்கிற உங்கள் மோட்டார் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தார். கிளட்சைப் பிடித்தார். அசையவில்லை.

"அண்ணி, கல்லாட்டம் இருக்கு லா. பழைய இரும்புக்காரன்கிட்ட குடுத்துடலாம். நீங்களும் ரூமைக் காலி பண்ணிட்டு நம்ம வீட்டுக்கே வந்துடுங்க. தனியா என்ன பண்ணப் போறீங்க, பாவம்."

பாவமாம்! நீங்கள் போன பிறகு ஊரே இந்தச் சொல்லை எனக்கு வாய்க்கரிசி மாதிரி போடுகிறது. "கல்லானது வண்டி இல்ல தம்பி, கேபிள். நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டு ஸ்பானரை எடுத்தேன். சும்மா நின்றே இறுகிப்போயிருந்த கேபிளைக் கழற்றிச் சமையலறை ஜன்னல் கம்பியில் செங்குத்தாகக் கட்டித் தொங்கவிட்டேன். இந்த வேலை எனக்கு எப்படித் தெரியும் என்று மற்றவர்கள் கேட்கலாம், நீங்கள் கேட்க முடியாது.

மசாலா மில்லின் பெல்ட் உங்கள் இடது கையைக் கடித்த வருஷம் அது. கட்டு அவிழ்த்தபோது மோதிர விரலும் சுண்டு விரலும் மரக்குச்சியாக நீட்டிக்கொண்டு நின்றன. மடங்கவே இல்லை. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரச் சிப்பாயிடம் வாங்கிய அந்த வண்டியில், செம்பவாங் வரைக்கும் வீடு வீடாக மசாலா கொண்டுபோய்க் கொடுத்த மனுஷர் நீங்கள். முதலாளி உங்கள் கையைப் பார்த்துவிட்டு, "தா போலே" என்றார். முடியாது என்பதை மலாயில் சொன்னால் வலிக்காது என்று நினைத்தார் போலிருக்கிறது. "மில்லுல உக்காந்து பொட்டலம் மடி. ரவுண்டுக்கு வேற ஆள் பாத்துக்குறேன்."

"திங்கக்கிழமை வண்டியோட வர்றேன் முதலாளி. ஓட்டிக் காட்டுறேன். அப்புறம் சொல்லுங்க" என்று வீறாப்பாகப் பேசிவிட்டு வந்தீர்கள்.

வந்து, மாதக்கணக்கில் சும்மா நின்ற வண்டியில் ஏறி, நல்ல இரண்டு விரலால் கிளட்சை இழுத்தீர்கள். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தீர்கள். அப்போதும் வரவில்லை. இறங்கிச் சாக்கடை ஓரத்துத் திட்டில் உட்கார்ந்து, "கை செத்துப் போச்சு புள்ள" என்றீர்கள். அப்படி ஒரு குரல் உங்களிடம் இருக்கிறது என்றே எனக்கு அதுவரை தெரியாது.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நானே போய் இழுத்தேன். இரண்டு கையாலும், வண்டியில் காலை ஊன்றிக்கொண்டு இழுத்தேன். எனக்கும் வரவில்லை. ஆட்டுக்கல் சுற்றுகிற கைக்கே வராதது உங்கள் கையின் குற்றமா?

"செத்தது உங்க கை இல்ல. எந்திரிங்க."

கழற்றிப் பார்த்தால் கேபிளுக்குள் பிசின். ஐயாவின் கைங்கரியம்! சனிக்கிழமைதோறும் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, கிண்ணத்தில் மிஞ்சிய நல்லெண்ணெயை, "இவனும் ஆம்பளதானே, சனிக்கிழமை எண்ணெய் வேணாமா?" என்று வண்டிக் கேபிளுக்கும் விட்டவர் யார்? சீயக்காயும் கரைக்கட்டுமா என்று நான் அப்போதே கேட்டேன். கை நன்றாக இருந்தவரை அந்தப் பிசுக்கு உங்களுக்கு உறைக்கவில்லை. வண்டி சும்மா நின்றபோது அது இறுகிப்போய்விட்டது.

மண்ணெண்ணெய் விட்டுக் கழுவலாம் என்றீர்கள். கேபிள் வாயோ ஊசித் துவாரம். ஊற்றியதெல்லாம் வெளியேதான் வழிந்தது. நான் கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து, கேபிள் முனையைச் சுற்றிக் கொழுக்கட்டைக்குச் சொப்பு பிடிக்கிற மாதிரி பிடித்தேன். "பூரணம் எங்கடி?" என்றீர்கள். அன்றைக்கு உங்கள் முதல் சிரிப்பு அது.

சொப்பில் மண்ணெண்ணெய் விட்டு, உள்கம்பியை மேலும் கீழும் இழுக்க இழுக்க, அடியில் கறுப்பாகச் சொட்டியது. தெளிவாகச் சொட்டும்வரை விட்டோம். துணியால் தடவி, கம்பியில் இழை பிரிந்திருக்கிறதா என்று பார்த்தோம். காய்ந்த பிறகு தையல் மெஷின் எண்ணெய். நீங்கள் அவசரத்தில் கவிழ்க்கப் போனீர்கள், கையில் ஒரு தட்டு தட்டினேன். சொட்டுச் சொட்டாக, அடி முனையில் எண்ணெய் தலைகாட்டும்வரை விட்டோம். திரும்ப மாட்டும்போது லீவரில் கொஞ்சம் தளர்ச்சி வைத்தீர்கள். "ரொம்ப இறுக்கினா கிளட்ச் வழுக்கிடும். பொண்டாட்டிக்கும் அதே சட்டம்தான்."

"நீங்க இறுக்கினதை நான் எப்பப் பாத்தேன்?" என்றேன்.

இரண்டு விரலை வைத்து இழுத்தீர்கள். வாழைப்பழத்தில் ஊசி இறங்குகிற மாதிரி வந்தது.

திங்கட்கிழமை மில் வாசலில் முதலாளி விடவில்லை. "ரெண்டு விரலை வெச்சுக்கிட்டு எப்படிப்பா?"

"சம்பளம் என்ன, விரல் எண்ணியா குடுக்குறீங்க முதலாளி?"

மில் ஆட்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "வழியில விழுந்து கெடந்தா யாரு பதில் சொல்றது?"

நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உங்கள் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். "விழுந்தா நானும்தான் விழுவேன். பதிலை நானே சொல்லிக்கிறேன்." சிராங்கூன் ரோடே பார்த்தது. "வெக்கங்கெட்டவ" என்று யாரோ சொன்னதும் காதில் விழுந்தது. விழட்டும் என்று இருந்தேன்.

பாலஸ்டியர் சந்திப்பில் போலீஸ்காரர் கை காட்டினார். உங்கள் இரண்டு விரலும் கிளட்சில் மடங்கின. வண்டி அணையாமல், உறுமிக்கொண்டே நின்றது. அவர் கையை இறக்கியதும் விரல் மெல்ல மெல்ல விட்டது. ஒரு குலுக்கல் இல்லாமல் கிளம்பினோம்.

"புள்ள, உசிரோட இருக்கியா?"

"பின்னால உக்காந்து பூ கட்டிக்கிட்டிருக்கேன்" என்றேன்.

செம்பவாங் போய்த் திரும்பி வந்தோம். மறுநாள் முதலாளி மசாலா மூட்டையை எடுத்துக் கட்டச் சொன்னார், அவ்வளவுதான். உங்கள் கடைசிக் காய்ச்சல் வரைக்கும் அந்த ரவுண்டை யாராலும் உங்களிடமிருந்து பிடுங்க முடியவில்லை.

நேற்று உங்கள் தம்பி திரும்ப வந்தார். கிளட்சைப் பிடித்தவருக்கு வாய் பிளந்துவிட்டது. "அண்ணி, இப்ப நல்ல விலைக்கே போகும்."

"விக்கிறதுக்கா மெனக்கெட்டேன்? ஓட்டச் சொல்லிக் குடுங்க."

"இந்த வயசுலயா? ஊர் சிரிக்கும் லா!"

"சிரிக்கிறவங்க ஒதுங்கி நிக்கத்தானே வண்டியில ஹாரன் இருக்கு."

பேரர் பார்க் திடலில் ஒரு ஓரமாக ஏறினேன். இரண்டு தடவை வண்டி இருமிக்கொண்டு அணைந்தது. ஒரு தடவை விழுந்தேன், முழங்காலில் தோல் போயிற்று. திரும்ப ஏறினேன். அப்புறம் அது போயிற்று, நானும் அதோடு போனேன். தம்பி பின்னாலேயே வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, நாலு விரலையும் போட்டுப் புடிங்க, நாலு விரலையும்!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார்.

என் நாலு விரலும் நன்றாகத்தான் மடங்குகின்றன. ஆனால் அந்தக் கிளட்சை நான் இரண்டு விரலால்தான் பிடிப்பேன். தம்பி கத்தட்டும்.