பூக்கட்டிக் கேட்ட சேதி

என் தங்க மருமகளுக்கு,

சாப்டியா தாயி? எனக்கு நேத்துலருந்து சோறு எறங்கல.

காந்திகிராமத்துல எம்.எஸ்சி. பிசிக்ஸ் முடிச்சுட்டு நர்சரிப் பிள்ளைகளுக்கு மூக்கு தொடச்சுக்கிட்டு இருக்கியேன்னு கோயில்ல ஆத்தாகிட்ட எம்புட்டு அழுதுருப்பேன்! இப்பத்தான் சென்னையில எடம் கெடச்சிருக்கு. புத்துநோய்க்காரவுகளுக்குக் கரண்டு எம்புட்டு வைக்கணும்னு கணக்குப் போடுற படிப்பாம்ல. உங்கப்பன் குதிச்சான். "அந்தக் கரண்டு பட்டா வயித்துல பிள்ள தங்குமா? எவன் கட்டுவான்? நீ பூக்கட்டிக் கேளுக்கா, ஆத்தா சொல்றபடி செய்வோம்"னுட்டான். எனக்கும் பயம்தான்.

நேத்து கோயில்ல ரெண்டு பொட்டலம் கட்டிப் போட்டேன். வெள்ளைப் பூ வந்தா நீ போகலாம், செவப்பு வந்தா வேண்டாம். பூசாரி பேத்தி ஒண்ண எடுத்துக் குடுத்துச்சு. பிரிச்சேன். செவப்பு அரளி.

ஆத்தாளுக்கு பிசிக்ஸ் தெரியுமான்னு ஒரு நெனப்பு வந்துச்சு பாரு, ஒடனே கன்னத்துல போட்டுக்கிட்டேன். உங்க வீட்டு வாசல்லயே உங்கப்பன், "என்னக்கா வந்துச்சு?"ன்னான்.

"வெள்ளடா"ன்னேன்.

அவன் ஒடனே பரண்லருந்து பெட்டிய எறக்குனான். நீ ஓடியாந்து என் கால்ல விழுந்த. எனக்கு ஒன் மூஞ்சியப் பாக்க முடியல.

இத யாருக்கும் சொல்லாத. கெளம்பு. அங்க சட்டையில மாட்டிக்க ஒரு பேட்ஜ் குடுப்பாக, மேல எம்புட்டுக் கரண்டு பட்டுச்சுன்னு அது காட்டிரும்னியே, அத ஒரு நாளும் மறந்துறாத தாயி. ஆத்தாளுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். ஒன் ஒடம்புக்கு என்னால பதில் சொல்ல முடியாது.

ஒன் அத்தை