ஆக்சிஜன் வளையம்

மார்ச் 3
மூக்குக்கண்ணாடி வாங்க வந்தவரை நாளைக்கு வரச் சொல்லிவிட்டுக் கடையைச் சீக்கிரமே சாத்தினேன். மொட்டைமாடியில் கேமரா தயார். தெருவிளக்கு, நிலா எல்லாவற்றையும் வாசலிலேயே நிறுத்திவிட்டு ஆக்சிஜன் ஒளியை மட்டும் உள்ளே விடும் அந்த ஃபில்டர் – அதில் இன்று சிக்கியது. பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி மெல்லிய வளையம். ஹைட்ரஜன் ஃபில்டரில் எடுத்த படத்தில் இல்லை. எந்த அட்டவணையிலும் இல்லை. யாரும் பார்க்காத வாயு மேகமா, புது நெபுலாவா? நானா கண்டுபிடித்தேன்?

மார்ச் 5
வானியல் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒரே பாராட்டு மழை. அக்கா வீட்டுக்காரர், என் மச்சான் மட்டும், "ஃபில்டரைத் திருப்பி மாட்டியிருக்கியான்னு பாருடா. எதிரொளிப்பு மாதிரி இருக்கு" என்று எழுதினார்.

சுருக்கென்றது. இத்தனை வருஷமாக பிரேமில் கண்ணாடி மாட்டுகிறவன் நான். எனக்கே பாடமா? உடனே எழுதினேன்: "நேர்கோடே வளைஞ்சு தெரியற கண்ணுக்கு எல்லாம் வளையமாத்தான் தெரியும் மச்சான்."

நிறையப் பேர் சிரிப்புப் படம் போட்டார்கள்.

மார்ச் 6
ஏன் அப்படி எழுதினேன்?

எனக்கு முதன்முதலில் டெலஸ்கோப் காட்டியவரே அவர்தான். போன மாதம் கடைக்குத் தனியாக வந்தார். கட்டம் போட்ட அட்டையைக் காட்டினேன். நடுவில் கோடெல்லாம் வளைகிறது என்றார். கண் மருத்துவரிடம் அனுப்பினேன். இப்போது கண்ணில் ஊசி போட்டுக்கொள்கிறார். "உங்கக்காவுக்குத் தெரிய வேணாம்டா. பைக் சாவியைப் பிடுங்கி வச்சிடுவா" என்று சிரித்தார். மூச்சு விடமாட்டேன் என்றேன். அந்தக் கோடுகளைத்தான் எடுத்து வீசியிருக்கிறேன்.

அழிக்கலாம். ஆனால் எல்லாரும் படித்தாகிவிட்டது.

மார்ச் 7
குழுவில் அக்கா மகளும் இருக்கிறாள். மறந்தே போனேன். படித்துவிட்டு அக்கா எதிரிலேயே தன் அப்பாவிடம் கேட்டிருக்கிறாள்.

அக்கா போன் செய்தாள். "உனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். எனக்குத்தான் தெரியாது." வைத்துவிட்டாள்.

நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம் போல இருக்கு.

மார்ச் 8
மச்சான் குழுவை விட்டு வெளியேறிவிட்டார்.

மார்ச் 12
இன்றுதான் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்கத் துணிந்தேன். திரும்பித்தான் இருந்தது. போன மாதம் துடைத்துவிட்டு மாட்டியபோது மாற்றியிருக்கிறேன். சரியாக மாட்டி மறுபடி எடுத்தேன். வளையம் இல்லை.

அது போனதற்கு வருத்தம் வரவில்லை. அது நிஜமாகவே இருந்திருந்தாலும் நான் எழுதியது எழுதியதுதானே?

மனைவி சொன்னாள்: "போய் நேர்ல சொல்லுங்க."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?"

"இருக்கறது ஒண்ணுதானே, அதையே வச்சுக்கிட்டுப் போங்க."

மார்ச் 13
குழுவில் எழுதினேன். வளையம் பொய், மச்சான் சொன்னதுதான் சரி, அவர் கண்ணைப் பற்றி நான் எழுதியது கேவலம் என்று. யாரோ கட்டைவிரல் போட்டார்கள். அதைப் பார்க்கவும் கூசியது.

சாயங்காலம் அக்கா வீடு. மச்சான் கதவைத் திறந்தார். என் முகத்தைப் பார்க்காமல் காதுப் பக்கமாகப் பார்த்தார். கோபமா, இல்லை நடுப்பார்வை அவ்வளவு மங்கிவிட்டதா? கேட்கத் தைரியம் வரவில்லை. அக்கா தண்ணீரை வைத்துவிட்டு உள்ளே போனவள்தான்.

மன்னித்துவிடுங்கள் என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

"ஃபில்டர் விஷயம் கிடக்கட்டும். எனக்கும் நடந்திருக்கு," என்றார். பிறகு மெதுவாக, "அவகிட்ட நானே சொல்லணும்னு இருந்தேன்டா. எப்படிச் சொல்றதுன்னு தினமும் யோசிச்சுக்கிட்டிருந்தேன். அதை நீ எடுத்துக்கிட்ட."

தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 20
மேகம். நல்லவேளை.

ஏப்ரல் 2
அக்கா கடைக்கு வந்தாள். மேஜையில் ஒரு பெட்டியை வைத்தாள். மச்சானின் ஃபில்டர்கள். "இனிமே அவருக்கு வேணாமாம்."

ஒவ்வொன்றின் விளிம்பிலும், வானத்தைப் பார்க்கவேண்டிய பக்கத்தில் சிவப்பாக ஒரு பொட்டு.

"என் நகப்பாலிஷ்தான். கேக்காம எடுத்திருக்கார்," என்றாள். அவள் உட்காரவில்லை; நானும் உட்காரச் சொல்லவில்லை.

ஏப்ரல் 4
அவருடைய ஃபில்டரில் அதே நட்சத்திரத்தை எடுத்து அவருக்கு அனுப்பினேன். என்ன எழுதுவதென்று தெரியாமல் படத்தை மட்டும்.

கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

"படம் வந்துச்சு. எனக்குச் சரியாத் தெரியலடா. நீ பார்த்துச் சொல்லு. சுத்தி என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல மச்சான். வெறும் கறுப்பு."

"நல்லாப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"அப்ப சரியாத்தான் வந்திருக்கு."

அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.