உத்திரத்தில் மாட்டிய ஸ்பிரிங்

இப்படி நேரங்கெட்ட நேரத்தில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஈப்போவில் இப்போது விடிந்திருக்கும். இங்கே ஊரே அடங்கிவிட்டது. அவர் இரவு வேலைக்குப் போயிருக்கிறார். பிள்ளை தூங்குகிறான். உன் கைலியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று மதியம்தான் தொட்டிலைக் கழற்றினேன். கைலி முடிச்சை அவிழ்த்ததும் காயு பூத்தே எண்ணெய் வாடை குப்பென்று வந்தது. பிள்ளைக்கு வயிறு உப்பினால் தடவச் சொல்லி நீ தந்தனுப்பிய எண்ணெய். எத்தனை தடவை துவைத்த துணி இது! அந்த வாடை மட்டும் போகவில்லை.

ஈப்போவில், சிலிபின் வீட்டில், இங்கே கிளம்பி வர நான் பெட்டி கட்டிய நாள் நினைவிருக்கிறதா? வயிற்றில் பிள்ளையோடு நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நீ தரையில் சம்மணம் போட்டு, நான் அடுக்கி வைத்த பட்டுப்புடவையைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, தொட்டில் ஸ்பிரிங்கை உள்ளே வைத்தாய்.

"ஏய், இரும்ப எதுக்குடி ஏத்தற? ஏர்போர்ட்ல பிடிச்சிருவான்."

"பிடிக்கட்டும். வயித்தக் காட்டி அழுதுரு. விட்டுருவான்லா."

"உனக்குன்னு வாங்கினதுடி இது."

நீ நிமிரவில்லை. ஸ்பிரிங்கைச் சுற்றிக் கைலியைத் திணித்துக்கொண்டே இருந்தாய். "அலமாரியில சும்மாதானே கெடக்கு. மொத உன் புள்ள ஆடட்டும். எனக்கு வரப்போ திருப்பிக் குடுத்துரு. மறந்துராத."

கல்யாணமான வருடமே தெலுக் இந்தானில் நீ ஆசையாக வாங்கி வைத்தது அது. எனக்குத் தெரியும். 

இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து இந்த வீட்டைப் பார்த்ததும் முதலில் உனக்குத்தான் வீடியோவில் காட்டினேன். பழைய காலத்து வீடு. கூரை தாழ்வு. குறுக்கே கறுத்துப்போன பெரிய உத்திரம். அவர் தினமும் அதில் தலையை இடித்துக்கொள்வார். நீ கைதட்டினாய். "அடியே, இது எங்க லயத்து வீடு மாதிரியே இருக்கு! ஒரே உத்திரத்துல நாங்க நாலு பேரு ஆடுனோம். கயித்தப் போட்டு மாட்டு!" தோட்டத்துக்குப் பின்னால் ஓடும் ஆற்றைக் காட்டியபோது உனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இதா ஆறு? எங்க எஸ்டேட் வாய்க்கால் இதவிட அகலம்லா!"

அகலம் இல்லைதான். ஆனால் மழைக்காலத்தில் இது வரும் விதத்தை நீ பார்க்கவில்லை. நம் ஊர் ஆறு பழுப்பாக, இரைச்சலாக வரும். இது சத்தமே போடாது. காலையில் திரையை விலக்கினால் புல்வெளி பாதி இருக்காது. வேலிக் கம்பிக்கு நடுவே அன்னங்கள் நீந்தும். பக்கத்து வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டி, தண்ணீர் ஏறுகிறது, வாசலில் மணல் மூட்டை போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். நல்ல மனிதர். உள்ளே வாருங்கள் என்றால் ஒரு நாளும் வரமாட்டார். பாதையில் எதிரே வருகிறவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள், குளிரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார்கள், நடந்துவிடுவார்கள். சில நாள் மாலைக்குள் என் குரல் எனக்கே மறந்துவிடும். அப்போது கைலியைப் பிடித்து ஆட்டிக்கொண்டு, ஸ்பிரிங் கிரீச்சிடும் சத்தத்துக்குள் உன்னோடு போனில் பேசுவேன்.

பிறகு உன் அண்ணன் அழைத்தார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை என்றார். கைக்குழந்தைக்குப் பாஸ்போர்ட் வரவில்லை. நான் வரவில்லை. உனக்கென்று நீ காத்திருந்த பிள்ளையும் கடைசிவரை வரவில்லை. அன்றைக்கும் தொட்டிலைத்தான் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

போன வாரம், குழந்தைகளைப் பார்க்க வீட்டுக்கு வரும் நர்ஸ் வந்தாள். பிள்ளை தொட்டிலில் தூங்கினான். அவள் உத்திரத்தைப் பார்த்தாள், ஸ்பிரிங்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மெதுவாகத்தான் பேசினாள். இதில் தூங்கவிடக் கூடாது, தலை குனிந்து மூச்சு அடைபடலாம், சமமான மெத்தையில் மல்லாத்திப் படுக்க வை என்றாள். எங்கள் ஊரில் எல்லோரும் இப்படித்தான் வளர்ந்தோம் என்றேன். தலையாட்டிவிட்டுக் கையிலிருந்த கருவியில் ஏதோ தட்டிக்கொண்டாள். மறுபடி வருகிறேன் என்று போனாள்.

என்ன எழுதினாள்? அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு. அவரிடம் சொன்னேன். "கழட்டிரு. நமக்கெதுக்கு வம்பு? சரியா வளக்கலன்னு கவர்மெண்ட்டு ஆளுங்க புள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டா என்ன செய்வ?" என்றார். எனக்கு ரோஷம் வந்தது. கழற்ற மாட்டேன் என்றேன். நீ இருந்தால் என் பக்கம் சண்டைக்கு நின்றிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று மதியம் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கைலியை விலக்கிப் பார்த்தேன். இத்தனை நாள் அப்படிப் பார்த்ததில்லை. அவன் தாடை நெஞ்சில் அழுந்தியிருந்தது. அவள் சொன்ன மாதிரியே. மூக்கடியில் விரலை வைத்தேன். மூச்சு வந்தது. ஆனால் அது விரலில் படும்வரை நான் இருந்த இருப்பை உன்னிடம் தவிர யாரிடமும் சொல்ல முடியாது. நர்சுக்குப் பயந்து கழற்றவில்லை, நம்பு. நீயாக இருந்தாலும் கழற்றியிருப்பாய்தானே?

மெத்தையில் போட்டதும் கத்தினான். பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டேன். அழுது அழுது ஓய்ந்து, இரண்டு கையையும் விரித்துப்போட்டுத் தூங்கிவிட்டான். அவன் தூங்கிய பிறகும் என் வலது கை அந்தரத்தில் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. இதை எழுதும்போதுகூட அடிக்கடி நிற்கிறது பேனா. கை ஆட்டப் போய்விடுகிறது.

உத்திரத்தில் கயிறு தேய்த்த தடம் இருக்கிறது. கைலியை நான் வைத்துக்கொள்கிறேன், கேட்காதே. ஸ்பிரிங்கைத் துடைத்து, எண்ணெய் போட்டு, தாளில் சுற்றி வைத்திருக்கிறேன். ஒரு துரு இல்லை. திருப்பிக் குடு என்று சொன்னாய். நான் மறக்கவில்லை. எங்கே கொண்டுவந்து தர வேண்டும் என்று மட்டும் சொல்.

சீக்கிரம் பதில் போடு.