எத்தனை நாள் விட்டுப் போச்சுங்க?

இன்று காலை சோமனூர்ப் பக்கத்துத் தறிக்காரர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து என் மேசையில் வைத்தார். போன மாதம் நம் சுகாதார நிலையத்தில் கொடுத்த பிரஷர் மாத்திரை. பாதி அப்படியே இருந்தது. கேட்பதற்கு முன்பே அவராகக் காட்டினார். உன் ஞாபகம் வந்துவிட்டது. அவர் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நம் ஊர்க்காரர்களுக்கு நர்ஸிடம் இல்லை என்று சொல்ல வாய் வராது. மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் எல்லாரும் "சாப்புடறேனுங்க" என்பார்கள். நாமும் டிக் அடிப்போம். பிரஷர் இறங்கவில்லையே என்று டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார். பயிற்சிக்குப் போய்வந்த மறுநாளே நீ அந்தக் கேள்வியையே மாற்றினாய். கேள்வியை மாற்றினால் ஆட்கள் உண்மையைச் சொல்கிறார்கள் என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்களாம். எனக்குச் சிரிப்புதான் வந்தது. வரிசை வாசல் வரை நிற்கும்போது இதெல்லாம் நடக்கிற காரியமா என்றேன். நீ காதிலேயே வாங்கவில்லை. முதல் ஆளிடமே ஆரம்பித்தாய்.

"மாத்திரை எல்லாருக்கும் விட்டுப் போறதுதானுங்க. இந்த வாரம் எத்தன நாள் விட்டுப் போச்சுங்க?"

அந்தப் பெரியவர் தலையைச் சொறிந்துகொண்டு நாலு நாள் என்றார். இரண்டு வருடமாக நாம் டிக் அடித்துக்கொண்டிருந்த ஆள். பயிற்சியில் கொடுத்த தாள்கள் எத்தனையோ நம் அலமாரியில் கரையானுக்குப் போயிருக்கின்றன. இந்த ஒன்றை மட்டும் நீ விடாப்பிடியாக அன்றாட வேலையாக்கிவிட்டாய்.

உனக்கும் பிரஷர் இருந்தது. மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது தினமும் கேட்பேன், மாத்திரை போட்டாயா என்று. "போட்டேன் அம்மணி" என்பாய். மூளையில் ரத்தம் கசிந்து நீ போன மூன்றாம் நாள், கணபதி ஏரியாவில் உன் வீட்டில் வைத்து உன் கணவர் சொன்னார். தலை சுற்றுகிறது என்று நீ மாத்திரையை நிறுத்தி ஐந்து மாதமாம். ஊருக்கெல்லாம் புதுக் கேள்வி கேட்ட நான் உன்னிடம் பழைய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறேன்.  உன் மேல் கோபமும் வருகிறது.

இப்போது தனியாகத்தான் சாப்பிடுகிறேன். புதிதாக வந்த சிஸ்டர் நல்ல பெண்தான், சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விடுகிறாள். உன் கேள்வியை வருகிற ஒரு ஆளையும் விடாமல் கேட்கிறேன். எனக்கும் போன ஆடியிலிருந்து பிரஷர். நேற்று டாக்டர், ஒழுங்காக மாத்திரை போடுகிறீர்கள் அல்லவா என்று என்னைக் கேட்டார். "போடறேனுங்க சார்" என்றேன்.

வாரத்தில் மூன்று நாள் விட்டுப் போகிறது. உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.